பித்தளை பம்ப் ஸ்டவ், நல்ல நிலையில்

தொண்ணூறு ஸ்டவ் வச்சிருக்காராம். எண்ணினா கூடவே இருக்கும் மேடம்னு சிரிப்பு வேற. கோயம்புத்தூர்ல இருந்து கிளாரன்ஸ்னு ஒருத்தர், பம்பு செட் கம்பெனியில இஞ்சினியரா இருந்து ரிட்டயர் ஆனவர், நேத்து சாயந்தரத்துல இருந்து வாய்ஸ் மெசேஜா அனுப்பித் தள்ளுறாரு, நான் விக்கப் போட்ட ஸ்டவ்வைப் பத்தி. அதை ஸ்டவ்னே சொல்ல மாட்டேங்கிறாரு, பீஸ்ங்கிறாரு. அருமையான பீஸ், வெளிநாட்டுல செஞ்சது, இங்கே இருக்கிறதை விரல்விட்டு எண்ணிரலாம்ங்கிறாரு. ஒரு மனுஷன் தொண்ணூறு ஸ்டவ்வை எங்கே வச்சிருப்பாரு? அலமாரியிலயா, கட்டிலுக்கு அடியிலயா? அவரு வீட்டம்மா ஒண்ணும் சொல்லாதா? தொண்ணூறு ஸ்டவ்வுக்கு நடுவுல அந்தம்மா கேஸ் அடுப்புல ரசம் வச்சுக்கிட்டு நிக்கிறதை நெனைச்சா எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வருது. எனக்கு எப்பவும் இதான் வியாதி. மீட்டர் ரீடிங் எடுக்குற உத்தியோகம், இந்தக் கோவில்பட்டியில நான் எட்டிப் பார்க்காத வீடு கிடையாது. ஒரு கண்ணு மீட்டர்ல இருந்தா ஒரு கண்ணு வீட்டுக்குள்ள இருக்கும். யார் வீட்டுல புது ஃபிரிட்ஜ் வந்திருக்கு, யார் வீட்டுல மருமக அழுது முகம் வீங்கி நிக்கிறா, எல்லாம் எனக்குத் தெரியும். ஆவுடைக்கு மூக்கு நீளம்னு ஆபீஸ்லயே சொல்லுவாங்க, சொல்லிட்டுப் போகட்டும். இன்னைக்கு ரெண்டாம் சனிக்கிழமை, லீவு. வீட்டுக்காரர் கழுகுமலைக்கு ஒரு துஷ்டி வீட்டுக்கு எழவு கேக்கப் போயிருக்காரு. அடுக்களைத் தரையில நானும் ஸ்டவ்வும் எதிரும் புதிருமா உட்கார்ந்திருக்கோம். கிளாரன்ஸ் சாருக்கு அடிப்பக்கம் ஒரு போட்டோ வேணுமாம், டேங்க்ல ஒடுக்கு, விரிசல், ஈயம் வச்சுப் பத்தவச்ச தடம் எதாவது இருக்கான்னு பார்த்துச் சொல்லணுமாம், எல்லாத்துக்கும் மேல அது எரியுற மாதிரி ஒரு வீடியோ. எரியுறதைப் பார்க்காம அவரு எதையும் வாங்கினதில்லையாம்.

விக்கிறது எனக்கு இதுதான் முதல் தடவை. வேலம்மா மைனிகிட்டத்தான் யோசனை கேட்டேன், எங்க வீட்டுக்காரரோட அக்கா, போன்ல நைட்டி வித்தே மாடி கட்டினவங்க. மைனி ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாங்க. எடுத்த எடுப்புல விலையைச் சொல்லிராதே. இதே மாதிரி சாமானை எவ்வளவுக்குப் போட்டிருக்காங்கன்னு பார்க்காதே, எவ்வளவுக்கு வித்துச்சுன்னு பாரு. பணம் அனுப்புறேன், இந்தக் கட்டத்தை ஸ்கேன் பண்ணுங்கன்னு எவனாவது சொன்னா போனை வை, பணம் வாங்குறவ எதுக்குடி ஸ்கேன் பண்ணணும். மிலிட்டரியில இருக்கேன்னு சொல்லிக்கிட்டு வர்றவனை நம்பவே நம்பாதே. குடும்பக் கதை பேசாதே, நீ பேசுவே, உன்னை எனக்குத் தெரியும். அப்புறம் முக்கியமா, புளி போட்டுத் தேய்ச்சிராதே. அதுலதான் நான் அசந்துபோயிட்டேன். பித்தளைன்னு கண்ணுல பட்டா நம்ம கை தன்னால புளியைத் தேடிப் போகும், அழுக்கும் கறுப்புமா ஒரு சாமானை எப்படி அடுத்தவங்க கையில குடுக்கிறது, நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாமே. அந்தக் கறுப்புக்குத்தான் துட்டுங்கிறாங்க மைனி. தேய்ச்சா அது பழைய சாமான் இல்லையாம், வெறும் சாமானாம். உள்ளது உள்ளபடி போடு, குறை இருந்தா அதையும் கிட்டத்துல வச்சுப் படம் எடுத்துப் போடு, பின்னாடி வழக்கு வராதுன்னாங்க. அதனால தூசியை மட்டும் துணியால தட்டிட்டு, ஜன்னல் வெளிச்சத்துல வச்சு நாலு பக்கமும் படம் பிடிச்சேன். தலைப்பை மைனிதான் சொன்னாங்க, பித்தளை பம்ப் ஸ்டவ், நல்ல நிலையில். நல்ல நிலையிலன்னு நமக்கு எப்படித் தெரியும் மைனி, நான் பத்தவச்சுப் பார்க்கலையேன்னேன். எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க, போடுன்னுட்டாங்க. அதுல இருந்து எனக்கு அந்த வார்த்தை உறுத்திக்கிட்டே இருக்கு.

ஸ்டவ் கிடைச்சது அக்கா மூட்டையில. அக்கா செண்பகம், என்னைவிட ஆறு வயசு மூத்தவ. தூத்துக்குடியில உப்பளக்காரங்க வீட்டுல கட்டிக்குடுத்தோம். ரெண்டு வருஷம்கூட முடியலை, ஸ்டவ் வெடிச்சுச் செத்துப்போனா. இதை நான் இப்படி ஒரே மூச்சுலதான் சொல்லுவேன், முப்பது வருஷத்துக்கு மேல சொல்லிச் சொல்லி நாக்குல தடமே விழுந்திருச்சு. பிள்ளை குட்டி இல்லாமப் போயிட்டா சீர் சாமானைப் பிறந்த வீட்டுக்குத் திருப்பிக் குடுக்கிறது எங்க பக்கத்து வழக்கம். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட அக்கா மாமியார், ராமலெச்சுமி அத்தை, ஒரு போணி, ஒரு கரண்டி விடாம சாக்குல போட்டு, கோணி ஊசியால வாயைத் தைச்சு, வண்டி ஏத்தி அனுப்பிவச்சாங்க. செத்தவ சாமான்ல ஒரு டம்ளரை எடுத்து வச்சுக்கிட்டாங்கன்னு ஒரு சொல் வந்திரக் கூடாது, அந்த அத்தைக்கு அதுல அப்படி ஒரு ரோஷம். எங்க சனமே மெச்சுச்சு. அம்மாதான் அந்தத் தையலைப் பிரிக்கவே விடலை. பரண்ல ஏத்தினது ஏத்தினதுதான், கல்யாணத்துக்குப் பிறகும் நான் அம்மா அப்பாவோட இதே வீட்டுலதான் இருந்தேன். அம்மாவுக்குத் தலைத்திவசம் முடிஞ்சு, போன வாரம் வெள்ளையடிக்கப் பரணை ஒழிக்கும்போதுதான் நான் பிரிச்சேன். குடம், தூக்குவாளி, இட்லிக் கொப்பரை, எல்லாத்துலயும் அக்கா பேரு, பாத்திரக்கடையில மிஷினை வச்சுப் புள்ளி புள்ளியா வெட்டுவாங்களே, அந்த எழுத்து. எல்லாத்துக்கும் அடியில இந்த ஸ்டவ். அக்கா ஸ்டவ்தான் வெடிச்சிருச்சே, அப்ப இது அவங்க வீட்டு ஸ்டவ், சீர்ல ஒண்ணு குறையக் கூடாதுன்னு பதிலுக்கு ஒண்ணை வச்சுக் கட்டியிருக்காங்கன்னு நெனைச்சுக்கிட்டேன். என்ன ஒரு நாணயம்னு நெஞ்சு இளகிக்கூடப் போச்சு. அக்கா தொட்டதா இருந்தா நான் விக்கப் போட்டிருப்பேனா?

ஆனா கிளாரன்ஸ் சார் வெளிநாட்டுதுன்னு சொன்னப்பவே ஒரு முள்ளு குத்துச்சு, நான்தான் தள்ளி விட்டேன். ஏன்னா அப்பா வாங்கினதும் வெளிநாட்டு ஸ்டவ். அப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல போர்மேன், நெருப்போட பழகினவரு. செண்பகத்துக்கு மத்ததெல்லாம் இங்கே வாங்கலாம், ஸ்டவ்வை மட்டும் இங்கே வாங்க மாட்டேன்னு தூத்துக்குடிக்கே போய்க் கப்பல் சாமான் விக்கிற கடையில தேடி எடுத்துட்டு வந்தாரு. கனமானது, எம்பிள்ளைக்கு ஒரு பயம் கிடையாதுன்னு தட்டித் தட்டிக் காட்டினாரு. அதே அப்பா கையைத்தான் ஆஸ்பத்திரி வராந்தாவுல அக்காவைக் கட்டின அத்தான் பிடிச்சுக்கிட்டு, நீங்க வாங்கிக் குடுத்த ஸ்டவ்தான் மாமா வெடிச்சிருச்சுன்னு கதறி அழுதாரு. நான் பக்கத்துல நின்னேன். சந்தேகம் ஒண்ணும் இல்லைன்னு கேட்ட இடத்துல எல்லாம் அப்பா கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. அதோட சரி, சாகுற வரைக்கும் மனுஷன் அடுக்களைக்குள்ள கால் வைக்கலை. தண்ணி வேணும்னாலும் நிலைக்கு வெளியே நின்னு கேப்பாரு. எமனை நானே துட்டுக் குடுத்து வாங்கிக் குடுத்தேனேன்னு சோத்துத் தட்டைப் பார்த்துச் சொல்லிக்கிட்டு இருப்பாரு. தூத்துக்குடிக்காரங்க வீட்டுல கப்பல் ஸ்டவ் இன்னொண்ணு இருக்காதா என்ன, இருக்கும், இருந்திருக்கும்.

அத்தானை ஒரு குறை சொல்ல முடியாது. நயினார் அத்தான்னா எங்க பக்கத்துல தனி மரியாதை. ரெண்டாவது கல்யாணம் பண்ணியும் எங்க வீட்டு நல்லது கெட்டது எதையும் விட்டதில்லை, அப்பா செத்தன்னைக்கு நீர்மாலை எடுக்க முன்னாடி நின்னவரு அவருதான். வர்ற வியாழக்கிழமை அவரு மக கல்யாணம். அந்த வீட்டுல எந்த விசேஷம்னாலும் முதல்ல அக்கா படத்துக்கு முன்னால ஒரு சேலையை வச்சுக் கும்பிடுவாங்க, இப்ப அவ அந்த வீட்டுச் சாமி. கும்பிட்ட சேலையை அவ கூடப்பிறந்தவ கட்டிக்கிட்டு மணவறைக்குப் பக்கத்துல நிக்கணும், அப்பத்தான் அவ மனசு குளுந்து ஆசீர்வாதம் பண்ணினதா ஐதீகம். கூடப்பிறந்தவ நான் ஒருத்திதான். சேலை நேத்துக் காலையிலயே வந்திருச்சு, அரக்குக் கலர்ல பட்டு, மடிப்புல இன்னும் குங்குமம் ஒட்டிக்கிட்டு இருக்கு. கட்டில் மேல கிடக்கு, அடுக்களையில இருந்து பார்த்தாலே சரிகை தெரியுது. எனக்குப் பிடிச்சிருக்கு, இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். கண்ணாடி முன்னால மேல போட்டுக்கூடப் பார்த்துட்டேன். அக்காவுக்கு இந்தக் கலர் எடுபட்டிருக்குமான்னு யோசிச்சேன், அவ நிறம் இப்ப எனக்குச் சரியா ஞாபகம் வரலை, கடைசியா பார்த்தப்ப வாழை இலைக்குள்ள கிடந்தா.

போட்டோ எடுக்கணும். மேல இருக்கிற வளையத்தைக் கழட்டி, நியூஸ் பேப்பரை விரிச்சு, குழந்தையைக் குப்புறப் போடுற மாதிரி மெதுவாத்தான் கவுத்தினேன். அடியில அழுக்கு கட்டியா இருந்துச்சு. தேய்க்காதேன்னு மைனி சொன்னது ஞாபகம் இருக்கு, ஆனா அழுக்குக்குள்ள என்னமோ மேடு பள்ளமா விரல்ல தட்டுது, கம்பெனிப் பேரா இருக்கும், அது தெரிஞ்சா கிளாரன்ஸ் சார் சந்தோஷப்படுவாருன்னு முந்தானையை லேசா நனைச்சு ஒத்தினேன். புள்ளி. பக்கத்துல இன்னொரு புள்ளி. புள்ளி புள்ளியா ஒரு சுழி. க. அப்புறம் செ. நான் அதுக்கு மேல ஒத்தலை, கொஞ்ச நேரம் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன், ஒத்தாம விட்டா மிச்ச எழுத்து வேற எதாவதா இருந்திரும்ங்கிற மாதிரி. வாசல்ல கீரைக்காரம்மா கூப்பிட்டுட்டுப் போறா. அரைக்கீரை, சிறுகீரை. பிறகு ஒத்தினேன். க. செண்பகவல்லி. அப்பா பேரோட முதல் எழுத்து, அக்கா பேரு முழுசா. அப்பாதான் கூட நின்னு வெட்டச் சொல்லியிருப்பாரு, ல்லி-யில அந்தக் கொக்கி கோணி இருக்கு, மிஷின் வழுக்கியிருக்கு. ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை. வெடிச்சதை ஈயம் வச்சுப் பத்தவச்சிருப்பாங்க. கருமாதிக்குள்ள யாராவது ஆசாரிகிட்டக் குடுத்து ஒக்கிட்டுச் சரிபண்ணி, அப்படியே திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு. அப்படித்தான் இருக்கும், ரோஷக்கார அத்தைதானே. அப்ப ஈயத் தடம் இருக்கணுமே. ஜன்னல்கிட்டக் கொண்டுபோய்ச் சுத்திச் சுத்திப் பார்க்கிறேன். விரலை வச்சுத் தடவுறேன், டேங்க்கு வழவழன்னு முழுசா இருக்கு. எனக்கு என்ன தெரியும், தெரிஞ்சவர்கிட்டக் கேட்டிருவோம். எல்லாப் பக்கமும் படம் எடுத்து அனுப்பி, சார், இந்த ஸ்டவ் எப்பவாவது வெடிச்சு, அதை ஒக்கிட்டிருக்காங்களான்னு பார்த்துச் சொல்ல முடியுமான்னு கேட்டேன். குடும்பக் கதை பேசாதேன்னாங்க மைனி. நான் ஸ்டவ் கதைதான் கேட்டேன்.

பதில் வர்றதுக்குள்ள கேஸ் அடுப்பைத் துடைச்சேன், ஏற்கெனவே துடைச்ச அடுப்பு. வந்துச்சு. பாவம், அவருக்கு என்ன தெரியும், தன் பொருளைப் பத்திப் பேசுற குஷி குரல்ல. "மேடம், மட்டமான தகர ஸ்டவ் வெடிக்கும், இல்லைன்னு சொல்லலை. ஆனா வெடிச்சா டேங்க் தகடு சேர்ற தையல்ல கிழிஞ்சு வாயைப் பிளந்திரும், அதை எந்தக் கொம்பனும் மறைக்க முடியாது. உங்க பீஸ்ல தையல் கம்பெனியில போட்டது போட்டபடி இருக்கு. வெடிக்கலை மேடம், இது ஒரு நாளும் வெடிக்கலை. தைரியமாப் பத்தவைங்க." அதுக்கப்புறம் எப்படிப் பத்தவைக்கணும்னு சொல்றாரு, பம்ப்புக்குள்ள தோல் வாஷர் காய்ஞ்சிருக்கும், தேங்காய் எண்ணெயில ஊற வைங்க, ஸ்டவ் பின் வச்சுத் துவாரத்தைக் குத்தி எடுங்க, காத்துத் திருகைத் திறந்து வச்சு முதல்ல பர்னர் தலையைச் சூடு பண்ணுங்க. மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன். ஒரு நாளும் வெடிக்கலை. அப்பா, கேட்டீங்களா. நிலைக்கு வெளியே நின்னுக்கிட்டு இருக்காம உள்ள வாங்க, வந்து கேளுங்க. நீங்க வாங்கிக் குடுத்தது வெடிக்கலை. அப்ப என்னதான் நடந்துச்சு? நான் ஆயிரம் வீட்டை எட்டிப் பார்த்தவ, என் அக்கா வீட்டை எட்டிப் பார்க்கலையே. ஸ்டவ் வெடிக்கலைன்னா அக்கா மேல மண்ணெண்ணெய் எங்கிருந்து வந்துச்சு? அவளே ஊத்திக்கிட்டாளா? ஊத்தினாங்களா? யாரு? இல்லை, எட்டிப் பார்த்தேன், ஒரு தடவை பார்த்தேன். ஆஸ்பத்திரியில வாக்குமூலம் எழுதிக்கிட வந்தவரு எப்படிம்மா நடந்துச்சுன்னு கேக்கிறாரு, நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்னு சந்து வழியாப் பார்க்கிறேன். அக்கா அவரைப் பார்க்கலை. அவ கண்ணு கட்டில் காலடிக்குப் போச்சு. அங்கே ராமலெச்சுமி அத்தை நிக்கிறாங்க, அத்தான் நிக்கிறாரு. பிறகுதான் சொன்னா, ஸ்டவ் வெடிச்சிருச்சுன்னு, பள்ளிக்கூடத்துல மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி. வலியில அப்படிச் சொல்றான்னு நெனைச்சேன். அத்தை செத்து வருஷம் எத்தனையோ ஆச்சு, அக்காவும் இல்லை, அப்பாவும் இல்லை. காலடியில நின்னதுல மிச்சம் ஒருத்தர்தான்.

பயமாத்தான் இருக்கு. தீக்குச்சி ரெண்டு ஒடிஞ்சு போச்சு. இதைப் பத்தவைக்கிறதுன்னா எங்க வீட்டுல கொலைக் குத்தம், அக்கா போனதுல இருந்து மண்ணெண்ணெய் வாடையே இந்த வீட்டுக்குள்ள வந்ததில்லை, இப்பக்கூட வெள்ளையடிக்க வந்த ஆளு கதவுக்குப் பெயிண்ட் அடிச்ச பிரஷ்ஷைக் கழுவ வச்சுட்டுப் போன பாட்டில்தான் இருந்துச்சு. அதைத்தான் வடிகட்டி ஊத்தியிருக்கேன். கொல்லைப்புறத்துல சிமெண்டுத் தரையில வச்சிருக்கேன், பக்கத்துல நனைச்ச சாக்கு, அந்தச் சாக்கேதான், அத்தை தைச்சு அனுப்பினது. பயம் ஒரு பக்கம் இருந்தாலும் பார்த்திரணும்ங்கிறது அதைவிடப் பெருசா இருக்கு. வெடிச்சா வெடிக்கட்டும், வெடிச்சா அத்தான் சொன்னது நிசம்னு இருந்துட்டுப் போகட்டும், நான் அந்தச் சேலையைக் கட்டிக்கிட்டுப் போய் மணவறையில நிக்கிறேன். போனைத் தொவைக்கிற கல்லு மேல சாத்தி வீடியோவைப் போட்டுவிட்டுட்டேன். தலைக்குக் கீழ இருக்கிற கிண்ணியில எண்ணெய்த் துணியைச் சுத்திப் பத்தவச்சேன். மஞ்சளா எரிஞ்சுச்சு, கறுப்பாப் புகை கக்குச்சு, நான் சுவரோட சுவரா ஒட்டிக்கிட்டேன். தலை சூடாகட்டும்னாரு, சூடாச்சு. திருகை மூடினேன். பம்ப்பு முதல்ல இறுகி நின்னுச்சு, அப்புறம் வழுக்கிக்கிட்டுப் போச்சு, அடிச்சேன், அடிச்சேன், ஒரு சீறல் வந்துச்சு, மஞ்சள் உள்ள இழுத்துக்கிச்சு, நீலம். ஓன்னு ஒரு சத்தம். முப்பது வருஷத்துக்கு மேல குப்புறக் கிடந்த சாமான், நேத்து அணைச்ச மாதிரி எரியுது. நான் கிட்டப் போனேன். முகத்துல வெக்கை அடிக்குது, அடிக்கட்டும். இதுலதான் அக்கா அந்த வீட்டுல காபி போட்டிருக்கா. அழுகை வந்துச்சு, அழுதேன், அதுபாட்டுக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

வீடியோ நல்லாவே வந்திருக்கு. திருகைத் திறந்து விட்டதும் உஸ்ஸுன்னு காத்து போய் அணையுறது வரைக்கும் இருக்கு. கிளாரன்ஸ் சார் ஆச்சா மேடம்னு கேட்டு அனுப்பியிருக்காரு. விக்கிறதுக்கு இல்லை சார், மன்னிச்சிருங்கன்னு எழுதினேன். மைனி சத்தம் போடுவாங்க, அது பிறகு. பிறகு அத்தான் பேரைத் தேடி எடுத்தேன். பேர் வெட்டின போட்டோவை முதல்ல அனுப்பினேன், அடுத்தது வீடியோ. அதுக்குக் கீழ, அக்கா ஸ்டவ், இன்னைக்குத்தான் பத்தவச்சேன்னு மட்டும் எழுதினேன். ஒரு குத்தமும் சொல்லலை. கல்யாண வீட்டு வேலையில போனைப் பார்ப்பாரோ மாட்டாரோ. பார்த்தா என்ன சொல்லுவாரு? எந்த ஸ்டவ்னு கேட்பாரு. அது வேற ஸ்டவ், இது வேறன்னு சொல்லுவாரு. எங்கேயோ வாங்கினோம், பேர் வெட்டினோம், மறந்துபோச்சுன்னு சொல்லுவாரு. சொல்லட்டும், எதாவது ஒண்ணு சொல்லிரட்டும், நான் நம்பிக்கிடத் தயாரா இருக்கேன், கட்டில் மேல சேலை அப்படியே கிடக்கு. ஸ்டவ் இன்னும் சுடுது. மெசேஜுக்கு நீலக் கோடு விழுந்திருச்சு, பார்த்துட்டாரு. வீடியோ பார்க்கிற நேரம் போச்சு. ரெண்டாவது தடவை பார்க்கிற நேரமும் போச்சு. போன் அடிக்குது. எடுத்துக் காதுல வச்சா பின்னால பந்தல்காரங்க கம்பு அடிக்கிற சத்தம், அத்தான் மூச்சு வாங்குற சத்தம்.

"ஆவுடை," அப்படின்னாரு. "எங்கம்மா அதையுமா சேர்த்துக் கட்டி அனுப்பிட்டாங்க?"

எந்த ஸ்டவ்னு அவரு கேக்கலை.

"ஆமா அத்தான்," அப்படின்னேன். "ஒரு கீறல்கூட இல்லை."